குழந்தைக்குப் பால் இருந்ததா?

என் மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பன்னிரண்டு நாட்களாகத் தினமும் காலையில் அதிலிருந்து எடுத்து, வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தவன் நான். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. தென்காசியில் இருபது வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு என்று நினைத்திருந்தேன்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சுரண்டைக்காரி. கல்யாணமாகி வரும்போது ஒரு தையல் மெஷினோடு வந்தாள். ஆறு மாதத்தில் அது இரண்டானது. சொன்ன தேதிக்கு ரவிக்கையைக் கொடுத்துவிடுவாள் என்பதற்காகவே குற்றாலம் ரோட்டிலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். வாய் ஓயாது. கை காட்டியும் பஸ் நிற்காமல் போய்விட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய், பஸ் ஸ்டாண்டில் அந்தக் கண்டக்டரைத் தேடிக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். அடுத்த தெருவில் இருக்கும் என் அக்காவுக்கும் அவளுக்கும் வாரம் ஒரு சண்டை, வாரம் ஒரு சமாதானம். அவள் சிரித்தால் முன்வாசலில் நிற்பவருக்கும் கேட்கும்.

கல்யாணமான மூன்றாம் வருடம் மகள் பிறந்தாள். சுகப் பிரசவம்தான். மதியத்துக்கு முன்பே குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் பிறகு உள்ளே இருந்தவர்களின் நடை வேகமாகிவிட்டது. நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். துணிகளைச் சுருட்டிக்கொண்டு நர்ஸ் ஓடினார். அந்தத் துணிகளின் நிறத்தை நான் பார்த்தேன். ரத்தம் வேண்டுமென்று சொன்னதும் பக்கத்துக் கடைக்காரர்களையும் நண்பர்களையும் போன் போட்டு வரவழைத்தேன். நாலு பாட்டில் ஏறியது. சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உயிரப் பிடிச்சு நிறுத்திட்டோம்" என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த ஆபத்து அன்றோடு தீர்ந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மூன்றாம் நாள் பால் கட்டவில்லை. நாலாம் நாளும் இல்லை. குழந்தை சப்பிச் சப்பி அழுதது. அக்கா பூண்டை வதக்கிக் கொடுத்தாள். காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்து ஊட்டினாள். ஒரு சொட்டு இல்லை. அக்காவே கடைசியில், "சில பேருக்கு அப்படித்தான். விடுலே, பால்பவுடர் ஒங் கடையிலதான் இருக்கே" என்றாள். ஆமாம், என் கடையில்தான் இருந்தது. டின்னை எடுத்துக்கொண்டு போனேன். மகள் நன்றாகவே வளர்ந்தாள். அந்த விஷயத்தை நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒரு வருடம் கழித்து ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "இன்னும் எனக்கு மாசாமாசம் வர்றது வரவே இல்ல, பாத்தியளா?" என்றாள்.

"ரத்தம் நெறையப் போச்சுல்லா. உடம்பு தேறட்டும், தானா வரும்" என்றேன்.

அடுத்த வருடமும் கேட்டாள். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வராட்டி நல்லதுதானே, ஒரு தொல்லை விட்டுது." அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினாள். மூன்றாவது தடவை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாற்றம் ஒரே நாளில் வந்திருந்தால் யாராக இருந்தாலும் கவனித்திருப்பார்கள். அது வருடக்கணக்கில் வந்தது. முதலில் ஒரு மெஷினைத் துணி போட்டு மூடினாள், பிறகு இன்னொன்றை. ரவிக்கைத் துணிகள் தைக்காமலே திரும்பிப் போயின. பேச்சு குறைந்தது. பேசினாலும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே யோசித்தாள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து படுத்தால் மதியம்தான் எழுவாள். சித்திரை வெயிலிலும் காலில் சாக்ஸ் போட்டுக்கொள்வாள். புருவம் மெலிந்தது. முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைக்கு வரும் பெண்கள், "அண்ணாச்சி, உங்க வீட்டு அக்கா இப்பம் நல்லா கலராயிட்டாவளே!" என்று சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவுக்கும் அவளுக்கும் சண்டை வருவது நின்றுபோனது. சண்டை போட அவளிடம் தெம்பில்லை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அடக்கமாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். அக்கா வேறு மாதிரி நினைத்தாள்.

"ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு என்னலே கேடு? எப்பம் வந்தாலும் படுத்தே கெடக்கா. இந்தா, அடுப்படியப் பாரு. முந்தாநாத்து வச்ச பாத்திரம் அப்படியே கெடக்கு."

"சோம்பேறித்தனம்" என்றேன் நான். அடுத்த அறையில் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்த்ததில் நார்மல் என்று வந்தது. பிரசவத்தைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. ஆறேழு வருடத்துக்கு முந்திய கதையை அசதிக்குப் போகும்போது யார் சொல்வார்கள்? நோய் ஒன்றுமில்லை என்ற காகிதம் கையில் கிடைத்ததும் என் வாய்க்கு வசதியாகிவிட்டது. அவள் படுக்கப் போகும்போதெல்லாம் அந்த ரிப்போர்ட்டைச் சொல்லிக் காட்டுவேன்.

போன குற்றால சீசனுக்கு முந்திய சீசனில் ஆலங்குளத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சாரல் நன்றாக இருந்தது. எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனோம். அவள் வரவில்லை என்று எவ்வளவோ சொன்னாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் குளிக்கும் பக்கத்தில், அருவிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றிருப்பாள். வெளியே வந்தவளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. உதடு நீலமாகிவிட்டது. வேனில் ஏற்றி இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மற்றவர்கள் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. வேனுக்குள் தலையை விட்டு, "நடிக்காத. ஊரே குளிக்குது, ஒனக்கு மட்டும் என்ன?" என்றேன். அவள் தொலைவிலிருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மகளுக்கு எட்டு வயது முடிந்த சமயம். என் கடைக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் நண்பர், தைராய்டுக்கு மூன்று பரிசோதனையையும் சேர்த்துச் செய்யும் மெஷின் வந்திருக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்குப் பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தோம். டி.எஸ்.எச். இந்தத் தடவையும் நார்மல். ஆனால் தைராய்டு சுரக்கும் டி-4 மிகவும் கீழே இருந்தது.

"டி-4 ரொம்பக் கம்மியா இருக்கே அண்ணாச்சி. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார் நண்பர்.

டாக்டரிடம் காட்டவில்லை. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை தைராய்டு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! அதன் அளவெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாயங்காலமே ஒரு அட்டையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய், "இதான் ஒன் வியாதி. நாளைல இருந்து பாரு, குதிரை மாதிரி ஓடுவ" என்றேன்.

முதல் நாலு நாள் நான் சொன்னபடியே நடந்தது. சீக்கிரம் எழுந்தாள். தலை பின்னிக்கொண்டாள். நண்பரிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். ஆறாம் நாள் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். எட்டாம் நாள் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள்.

"மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

பத்தாம் நாள் நான் செய்ததை வாய்விட்டுச் சொல்ல இன்றைக்கும் சிரமமாக இருக்கிறது. அசதி கூடிக்கொண்டே போகிறதே, அளவு போதவில்லை போலிருக்கிறது என்று மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக்கினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை. மகள் சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். வேன் வரும் நேரம். சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். அவள் அடுப்புத் திண்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லென்று வியர்த்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மரியாதையாக, ஒரு வாடிக்கையாளர் பேசும் குரலில் சொன்னாள்:

"அண்ணாச்சி, கடையை அடைச்சிராதிய. எங்க வீட்டுக்காரரு இப்பம் வந்துருவாவ. அவுககிட்ட மாத்திரையக் குடுத்துருங்க."

பதினோரு வருடம் என்னோடு வாழ்ந்தவள். என் முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னாள். மகள் வாசலில் நின்று, "அப்பா, அம்மா யார்ட்ட பேசுதா?" என்றாள்.

அக்காவைக் கூப்பிட்டு மகளை ஒப்படைத்தேன். ஆட்டோவில் போகும் வழியிலேயே அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, கூப்பிட்டாலும் கண் திறக்காத நிலைக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இரண்டு தடவை கட்டினார்கள். இரண்டாவது தடவையும் நர்ஸ் தலையை ஆட்டினார். சர்க்கரையும் இறங்கிப்போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், சலைன் ஏற்றினார்கள். அழுத்தம் ஏறவில்லை. ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அதனால்தான் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

பணியிலிருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். புருவத்தைத் தடவிப் பார்த்தார். அவள் கையைத் தூக்கி, முடியில்லாமல் வழுவழுவென்றிருந்த அக்குளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தன குழந்தைங்க?"

"ஒண்ணு. எட்டு வயசு."

"பிரசவத்தப்ப ரத்தம் நிறைய போச்சா?"

எட்டு வருடத்துக்கு முந்திய நாளை இவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "நாலு பாட்டில் ஏத்துனோம்" என்றேன்.

"குழந்தைக்குப் பால் இருந்ததா?"

"இல்ல டாக்டர். ஒரு சொட்டுகூட."

"அதுக்கப்புறம் மாதவிடாய்?"

"வரவே இல்ல."

"எட்டு வருஷமாவா?"

அவர் நர்ஸிடம் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். ஹைட்ரோகார்ட்டிசோன். என் கடையில் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கும் மருந்து. மூச்சிரைப்புக்கும் அலர்ஜிக்கும் போடுவார்கள் என்று மட்டும்தான் தெரியும். ஹார்மோன் அளவுகளைப் பார்க்க முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஊசியைப் போடச் சொன்னார். நர்ஸ் அதைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கேட்டார்.

"சமீபத்துல ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் குடுத்தேன்."

"நீங்க டாக்டரா?"

"மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டு, "வெளியில உக்காருங்க" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் இருக்கும். நர்ஸ் வந்து கூப்பிட்டார். உள்ளே போனேன். அவள் தலையணையில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பிள்ளை வேன்ல போயிட்டாளா? டிபன் டப்பா அடுப்புத் திண்டுலயே இருக்கு" என்றாள். எட்டு வருடமாக இழுத்து இழுத்துப் பேசியவள் இதை ஒரே மூச்சில் சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் என்னைக் கடைக்கார அண்ணாச்சி என்று நினைத்தவளை ஒரு சின்னக் குப்பி மருந்து திருப்பிக் கொண்டுவந்திருந்தது.

அன்று மதியம் அந்த டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. கொண்டைக்கடலை அளவுதான். தைராய்டு எவ்வளவு சுரக்கணும், கர்ப்பப்பைக்குப் பக்கத்துல இருக்கிற சினைப்பை எப்ப வேலை செய்யணும், சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிற கார்ட்டிசோலை எவ்வளவு விடணும், இது எல்லாத்துக்கும் உத்தரவு அங்க இருந்துதான் ரத்தத்துல வருது. பால் சுரக்கச் சொல்றதும் அதுதான். கர்ப்பத்துல அந்தச் சுரப்பி பெரிசாகும். அதுக்கு ரத்தமும் கூடுதலா வேணும். அந்த நேரத்துல உங்க மனைவிக்கு ரத்தம் அப்படியே கொட்டிப்போச்சு. உயிர் தப்பிச்சாங்க. அந்தச் சுரப்பி தப்பிக்கல."

"அப்ப பால் வராதது..."

"அதுதான் முதல் அடையாளம். அடுத்தது மாதவிடாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தைராய்டு, கார்ட்டிசோல்."

"டி.எஸ்.எச். நார்மல்னு ரெண்டு தடவை வந்துச்சே டாக்டர்."

"தைராய்டு குறைஞ்சா டி.எஸ்.எச். ஏறணும். இன்னும் சுரன்னு பிட்யூட்டரி கேக்கிறதுதானே டி.எஸ்.எச்.? இவங்களுக்கு டி-4 இவ்வளவு கீழ கிடக்கு, டி.எஸ்.எச். அசையவே இல்ல. கேக்க வேண்டிய இடத்துல யாருமே இல்லன்னு அர்த்தம். அது நார்மல் இல்ல. அதுதான் நோயே."

அந்தக் காகிதத்தை நான் எத்தனை தடவை மடித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்! இரண்டு எண்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. அங்கேயே விடை இருந்திருக்கிறது.

"நான் குடுத்த மாத்திரை?" என்று கேட்டேன்.

"தைராய்டு மாத்திரை உடம்பை வேகமா ஓட வைக்கும். ஓடறதுக்குக் கார்ட்டிசோல் வேணும். அவங்ககிட்ட இருந்ததே துளிதான். வேகம் கூடினதும் அந்தத் துளியும் சீக்கிரமா கரைஞ்சுபோச்சு. காலையில போட்டோமே, அந்த ஊசி கார்ட்டிசோல்தான். அதை முதல்ல குடுத்துட்டு, அப்புறம்தான் தைராய்டு குடுக்கணும். தைராய்டு மாத்திரை அவங்களுக்கு வேணும்தான். வரிசை மாறிடுச்சு."

அதே மாத்திரைதான். அவளுக்குத் தேவையான மாத்திரையேதான். முன்னும் பின்னும் மாறியதில் சாகக் கிடந்தாள். கடையில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு அட்டை கிழித்துக் கொடுப்பவன் நான். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது என் கடை அலமாரியை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே வயதான ஹார்மோன் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பில் சின்னக் குழி மாதிரி ஒரு இடம். சுரப்பி உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது. ஏறக்குறைய காலியாக இருந்தது. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது இல்லாமயா நான் எட்டு வருசம் சோறு பொங்குனேன்?" என்று கேட்டாள். அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமாம்மா. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றார். இன்னொரு குழந்தை வேண்டுமா என்று கேட்டார். சிகிச்சை இருக்கிறது, ஆனால் எளிதல்ல என்றார். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வேண்டாம்" என்றாள்.

காலையில் ஒன்றரை, மதியம் அரை என்று கார்ட்டிசோல் மாத்திரை. பிறகு தைராய்டு. பிறகு மாதவிடாய்க்கான மாத்திரை. எல்லாம் ஆயுசுக்கும். மூன்றாம் வாரம் அவள் கன்னத்தில் ரத்தம் ஓடியது. இரண்டாம் மாதம் ஒருநாள் குளியலறையிலிருந்து வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். வந்துவிட்டது என்றாள். எட்டு வருடத்துக்குப் பிறகு. நான் தொல்லை என்று சொன்ன அதே விஷயம்.

உடம்பு தேறியதும் கோபமும் வந்தது. அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். தலைமாட்டில் வந்து நின்றாள்.

"நல்லாத் தூங்குதிய."

எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் தூங்குனப்பம் எனக்குச் சோம்பேறின்னு பேரு வச்சிய. நான் நடுங்குனப்பம் நடிக்கேன்னு சொன்னிய. ஆளுக முன்னால சொன்னிய. எந்திரிக்கணும்னு நெனைப்பேன், கால் வராது. நான்தான் கெட்டவ போலுக்குன்னு எட்டு வருசம் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். மருந்துக் கடைக்காரர் பொண்டாட்டி!"

மன்னிப்புக் கேட்டேன். "கேட்டா?" என்றாள். "போன வருசமெல்லாம் திரும்பி வருமா?" வெளியே போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை அவள் சமையலறையில் பாத்திரங்களைப் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எட்டு வருடமாக வேறு ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறேன். அடங்கிப்போன, மெதுவாகப் பேசுகிற அந்தப் பெண் என் மனைவியே இல்லை. அவள் கோபம், அவள் வாய், அவள் சிரிப்பு எல்லாம் சில மில்லிகிராமில் அடங்கியிருந்தது. அது இல்லாதபோது வந்த அமைதியை நல்ல குணம் என்று நினைத்துச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கிறேன். இதை நினைக்கும்போது வருகிற அதிர்ச்சிக்கு இன்னும் பழகவில்லை.

அக்காவிடம் டாக்டர் சொன்னதை விளக்கிச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பாலுக்கு வழியே இல்லாதவ வாயில பால்சுறாவக் கொண்டாந்து கொண்டாந்து திணிச்சேனே. பொறவு வாய்க்கு வந்தபடி பேசுனேனே."

"நீங்களாவது மார்க்கெட்டுக்கு அலைஞ்சு வாங்கிட்டு வந்திய, மதினி" என்றாள் அவள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

மாத்திரை தீர்ந்தபோது நான் கடையிலிருந்து எடுத்துவந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. டாக்டர் சீட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற இன்னொரு மருந்துக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஒங்க கையால எனக்கு மருந்து வேண்டாம்" என்றாள். சத்தம் போடவில்லை.

மாதாமாதம் அதுவே நடந்தது. அந்தக் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். ஒருநாள் என்னிடம் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, வீட்ல ஏதும் மனஸ்தாபமா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் அப்படி எத்தன பேருக்குக் குடுத்திருக்கேனோ" என்றார்.

இப்போது அசதிக்கு மாத்திரை, டானிக் என்று பெண்களுக்காக ஆண்கள் வந்து கேட்டால் நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. பிரசவம் எப்படி நடந்தது, பால் இருந்ததா என்று கேட்டுவிடுகிறேன். புளியங்குடிக்காரர் ஒருவர், "என்னவே, எம் பொண்டாட்டியப் பத்தி எங்கிட்டயே கேக்கீரு?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவரிடமும் கேட்டுத்தான் அனுப்பினேன்.

இந்த வருடம் சாரல் தொடங்கிய சமயத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்து, என் மனைவிக்கும் தொற்றியது. காய்ச்சல் வந்தால் கார்ட்டிசோல் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் அதே மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் ஊசி போடக் கற்றுக்கொடுத்து, ஒரு குப்பியும் கொடுத்திருந்தார். நல்ல உடம்புக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரினல் தானாகவே கூடுதலாகச் சுரந்து தாங்கிக்கொள்ளும். அவளுக்கு உத்தரவு போட ஆள் கிடையாது. நாங்கள்தான் போட வேண்டும்.

காலை ஏழு மணி. விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிட்டது. மறுபடி விழுங்கினாள், மறுபடி வந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஊசி டப்பாவை அவளே எடுத்தாள். குப்பியை உடைக்க முயன்றாள். விரல் நடுங்கியது. நான் வாசற்படியில் நின்றேன். பக்கத்தில் போகத் தைரியமில்லை. அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நிக்கிறியளே. வந்து போடுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்கன? டாக்டர் சீட்டுல எழுதியிருக்கிறத ஒரு தடவ சத்தமா வாசிங்க. அப்பொறம் போடுங்க."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். மருந்தைக் கலக்கி, தொடையில் போட்டேன். ஊசியை எடுத்த பிறகும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "போதும், விடுங்க. ரத்தம் நின்னுட்டு" என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் மூன்று தடவை, "நான் யாரு, சொல்லு?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை, "வாய மூடிக்கிட்டு வாரியளா?" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாதமும் மாத்திரையை அவள் பஸ் ஸ்டாண்ட் கடையில்தான் வாங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.